காம்பு திருகிய ஆடி

இலைக்குக் காம்பு எதற்கு என்று ஒவ்வொரு ஆண்டும் பதினொன்றாம் வகுப்பில் கேட்பேன். தாங்குவதற்கு என்று ஒரு பிள்ளை சொல்லும். தண்ணீர் கொண்டுபோக என்று இன்னொரு பிள்ளை சொல்லும். இரண்டும் சரிதான், மதிப்பெண் போட்டுவிடுவேன். பிறகு நான் கொண்டுபோனதையெல்லாம் மேசையில் பரப்புவேன். கத்தரிக்காய், காய்ந்த மிளகாய், வெற்றிலை, கிடைத்தால் ஒரு நண்டு. நண்டின் கண்கள் இரண்டும் காம்பின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எறும்பின் நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பதும் காம்பு மாதிரி ஒரு இடுப்புதான். சில ஆடுகளுக்குக் கழுத்தில் இரண்டு சதைக் குஞ்சலம் தொங்குகிறதே, அது எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்காமல் விட்டதில்லை. எதற்கும் இல்லை என்பேன். படைத்தவனுக்கும் வேலை ஓடாத நாள் ஒன்று இருந்திருக்கும்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் கடைசியில் சேர்த்துச் சொல்வேன். காம்பு எவ்வளவு பாரத்தையும் தாங்கும். காற்றில் ஆடும், வளையும், மறுபடி நிமிரும். ஆனால் முறுக்கினால் போச்சு. உள்ளே ஓடுகிற குழாய்கள் நசுங்கி, அந்தப் பக்கம் போகவேண்டியது போகாது, இந்தப் பக்கம் வரவேண்டியது வராது. தேர்வில் கேட்பார்களா டீச்சர் என்பார்கள். கேட்கமாட்டார்கள் என்பேன். உடனே பேனாவை மூடிவிடுவார்கள்.

இதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. புளியங்குடிப் பக்கம் ஓர் எலுமிச்சைத் தோப்பில் கற்றுக்கொண்டேன். அது என் மாமியாருடைய தோப்பு. அவருக்கு இப்போது நான் மருமகள் இல்லை. ஆனாலும் அத்தை என்றுதான் வாயில் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் விடுமுறை நாட்களில் தோப்புக்குப் போவோம். பறிக்க வரும் பெண்களோடு நானும் நிற்பேன். நான் முதல் காயைப் பிடித்துத் திருகியபோது, இரண்டு வரிசைக்கு அப்பால் நின்ற அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, திருகாத. காயைத் திருகினா காம்பு கழண்டு போகும். காம்பு போன காய் ராத்தங்காது, அந்த இடத்துலயே கறுத்து அழுகிரும். கத்தியை வச்சு ரெண்டு இலையோட வெட்டு."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். செடிகொடியைப் பாடமாக எடுக்கிறவளுக்கு ஒரு காய் பறிக்கத் தெரியவில்லை என்று அன்று முழுக்க என்னைக் கிண்டலடித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதற்கும் கோபம் வராது. கோபம் என்பதைப் பின்னால்தான் நான் பழகிக்கொண்டேன், இப்போது நன்றாகவே வருகிறது.

மூன்று ஆண்டுகள் பிள்ளை இல்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும் "விசேஷம் உண்டா" என்று கேட்டார்கள். முடி வெட்டப் போன இடத்தில்கூட என் கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். நல்ல மனிதர் என்று பெயர். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார், குறிப்பாகத் தன் அம்மாவை. அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டதற்கு என்னை எல்லோரும் அதிர்ஷ்டக்காரி என்றார்கள்.

கடைசியில் திருநெல்வேலியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துத்தான் அவர் சொன்னார். இதை நான் பல சண்டைகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். எங்கள் இருவரையும்.

"வலது பக்கத்து ஓவரி பிறவியிலேயே சரியா வளரலைம்மா. இடது பக்கம் நல்லா இருக்கு, அது ஒண்ணு போதும், குழந்தை பிறக்கும். ஆனா அதுல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி இருக்கு. காம்புல காய் தொங்குற மாதிரி தொங்குது. கட்டியை மட்டும் எடுத்துட்டா ஓவரி பிழைச்சுக்கும். அதுக்குள்ள எப்பவாவது தாங்க முடியாத வலி வந்து, வாந்தியும் வந்துச்சுன்னா, காம்பு முறுக்கிக்கிட்டுன்னு அர்த்தம். எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஓடி வந்துரணும். உங்களுக்கு இருக்குறதே இந்த ஒண்ணுதான்."

பிறகு என் கணவரைப் பார்த்து, "சார், உங்ககிட்டயும்தான் சொல்லுதேன்" என்றார். என் கணவர் தலையாட்டினார். நன்றாகத் தலையாட்டினார்.

அந்த வீட்டில் தொப்புளுக்குக் கீழே இருக்கிற எதற்கும் பெயர் கிடையாது. மாதவிலக்கு என்றால் "தூரம்", கர்ப்பப்பை என்றால் "உள்ள". அதைத் தாண்டி ஒரு வார்த்தை மருமகள் வாயிலிருந்து வரக்கூடாது. வகுப்பில் பூவின் சூல்பையைப் பலகையில் பெரிதாக வரைந்து பாகம் குறிக்கிற நான், அத்தைக்கு முன்னால் என் சூல்பையைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் சொல்வது மகனின் பொறுப்பாயிற்று. அவர் போய்ச் சொன்னார். நான் அடுப்படியில் நின்றேன். என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை, அத்தையின் பதில் மட்டும் விழுந்தது.

"சின்னக் கட்டிதானலே. கத்தி வைக்கதுக்கு முன்னால அம்பாள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். ஆடிச்சுத்து முடியட்டும், தபசு பாக்கட்டும். பொறவு டாக்டர் கிட்ட போவோம்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் அம்பாள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். நூற்றெட்டு சுற்று என்று நேர்ந்துகொள்வார்கள், ஐந்நூறு ஆயிரம் என்று நேர்ந்துகொள்கிறவர்களும் உண்டு. அம்பாள் ஊசிமுனையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள் அல்லவா, அவளுடைய கால்வலியைச் சுற்றுகிறவர்கள் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. அதனால் ஆடிச்சுற்றில் வலி வந்தால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். வலி வராவிட்டால்தான் வருத்தம். அம்பாள் உன்னை ஏற்றுக்கொள்ளவில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும்.

நானும் அதை நம்பினேன். உயிரியல் படித்தவள் எப்படி நம்பினாள் என்று கேட்பவர்கள், பிள்ளையில்லாமல் இந்த ஊரில் ஒரு வருஷம் குடியிருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

சில நாட்களாகப் பிரித்துப் பிரித்துச் சுற்றி, பாதிக்கு வந்திருந்தேன். அன்று காலையில் வெயில் ஏறவில்லை, ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் பெண்கள். அத்தை என் பக்கத்தில் நடந்தார். வடக்குப் பக்கம் திரும்பும்போது இடது அடிவயிற்றில் பிடித்தது. பிடித்தது என்பது சரியான சொல் அல்ல, யாரோ உள்ளே கையை விட்டு முறுக்கிப் பிழிந்தார்கள். வலி அங்கிருந்து தொடையில் இறங்கி முழங்கால் வரைக்கும் போயிற்று. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன ஏட்டி?"

"வலிக்குது அத்தை. வயித்துலருந்து கால் வரைக்கும் இழுக்குது."

கால் என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு பெண் நின்று, "கால்லயா வலி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கையெடுத்து என்னைக் கும்பிட்டாள். உண்மையாகவே கும்பிட்டாள். "அம்பாள் வலியைக் குடுத்துட்டா. நீ குடுத்து வச்சவ மக்கா, நிக்காத, நட" என்றாள். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தி கோயில் பிரசாதமான புற்றுமண்ணைக் குழைத்து என் நெற்றியிலும் வயிற்றிலும் பூசினாள். இன்னொருத்தி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை மரியாதை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, அதற்குப் பின்னும் கிடைத்ததில்லை.

நடந்தேன். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள நடந்தேன். அடுத்த சுற்றில் வாந்தி எடுத்தேன். அப்போதுதான் மருத்துவர் சொன்னது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. என் கணவர் வாசல் பக்கம் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ போய்க் கூட்டிவந்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் நினைவுக்கு வந்துவிட்டது என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

"ஏங்க, டாக்டர் சொன்னது இதுதாங்க. வண்டியைப் பிடிங்க, போயிருவோம்" என்றேன்.

அத்தை மகனைப் பார்த்தார். "டாக்டர் என்னலே சொன்னா?"

சுற்றிலும் பெண்கள். சித்தி, பெரியம்மை, தோப்புக்கு வருகிறவர்கள், தெருக்காரர்கள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நீளமான நேரம் அது, ஆனால் மூச்சு இழுத்து விடுகிற அளவுதான் இருந்திருக்கும்.

"ஒண்ணுமில்லம்மா. ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க."

அவ்வளவுதான். அந்த மனிதர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. குடித்ததில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார். பாதிச் சுற்றில் அம்பாள் நேர்ச்சையை முறித்தவன் என்ற பெயர் அத்தனை பேர் முன்னால் தனக்கு வரக்கூடாது என்று பயந்தார். பொய் சொல்லவேண்டும் என்றுகூட அவர் நினைத்திருக்கமாட்டார். வாய் அதுவாகவே எளிய பக்கம் திரும்பிக்கொண்டது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

என்னை மண்டபத்தில் படுக்கவைத்துச் சோடாவில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். தோப்புக் காய்தான். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது. "வலி விட்டுட்டு பாத்தியா" என்றார் அத்தை. எழுப்பி நடக்கவைத்தார்கள். நானும் நடந்தேன். வலி விட்டவுடன் எனக்கும் ஆசை வந்துவிட்டது, ஒருவேளை அம்பாள்தானோ என்று. உள்ளே முறுக்கு கொஞ்சம் தளர்ந்து, மறுபடி இறுகுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் அது திரும்பி வந்தபோது நான் கத்தினேன். வீட்டில் விளக்கேற்றுகிற நேரத்தில் கத்தாதே என்றார்கள். காய்ச்சல் வந்தது. மறுநாள் காலையில், நான் பேச்சில்லாமல் கிடந்த பிறகுதான், கார் வந்தது.

நினைவு தெளிந்ததும் மருத்துவர் என் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார். அவர் குரலில் கோபம் இருந்தது, ஆனால் என்மேல் இல்லை. காம்பு மூன்று முறுக்கு முறுக்கியிருந்ததாம். கட்டியும் ஓவரியும் சேர்ந்து கறுத்து நாவற்பழம் மாதிரி ஆகிவிட்டதாம், இரண்டையும் எடுத்துவிட வேண்டியதாயிற்றாம். முதல் வலிக்கே வந்திருந்தால் முறுக்கைப் பிரித்துவிட்டு, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, ஓவரியைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். "அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார். ஆமாம் டாக்டர், சொன்னீங்க, என்றேன். என் கணவர் அறைக்கு வெளியே மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முதலில் அழுதார்கள். பிறகு காரணம் தேடினார்கள். "பாதியில நிறுத்திட்டால்லா, அதான்" என்று ஒரு பெரியம்மை சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. கும்பிட்டவர்களே அதைச் சொன்னார்கள். என் கணவர் அதையும் மறுத்துப் பேசவில்லை. நான் எத்தனையோ தடவை அந்த வீட்டில் சத்தம் போட்டேன், மருத்துவர் சொன்னதை உன் அம்மாவிடம் சொல் என்று. அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சட்டையை மாட்டி வெளியே போய்விடுவார். நான் நேரே அத்தையிடம் சொன்னால், "புருஷனைக் காட்டிக்குடுத்துப் பேசாத ஏட்டி" என்று எழுந்து போய்விடுவார். ஒரு வருஷத்தில் பேசி முடித்துப் பிரித்துவிட்டார்கள். மறு வருஷம் அவருக்கு ராயகிரியில் பெண் பார்த்தார்கள். அதற்கடுத்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. அவருடைய சின்ன வயதுத் தாயத்து ஒன்று அந்த வீட்டில் உண்டு. அவருடைய தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததை உள்ளே வைத்து அடைத்த வெள்ளித் தாயத்து. கல்யாணமான வாரத்தில் அத்தை அதை எடுத்துக் காட்டி, "உன் பிள்ளைக்கும் இப்படித்தான் செய்யணும்" என்றார். செய்திருப்பார்கள், வேறு பிள்ளைக்கு.

நான் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. போனால் ஓடிவிட்டாள் என்பார்கள், அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க மனமில்லை. ஆனால் ஆடியில் கோயில் பக்கம் போகமாட்டேன்.

போன ஆடியில் போகவேண்டியதாயிற்று. என்னோடு வேலை பார்க்கிற கணக்கு டீச்சர் தன் மகளின் தேர்வுக்காகச் சுற்ற நேர்ந்திருந்தாள், பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். பிரகாரத்துத் தூண் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சுற்றுகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு கால்கள் என் முன்னால் நின்றன.

அத்தை. பாதியாக இளைத்திருந்தார். கையில் ஒரு கூடை, அதில் பூவும் பழமும், இலையும் காம்புமாக ஒரு கொத்து எலுமிச்சையும் இருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நல்லாருக்கியா மக்கா?"

"இருக்கேன் அத்தை."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருக்கேன். நீ நிறுத்துன இடத்துலருந்து மிச்ச சுத்தை நான்தான் சுத்தி முடிச்சேன். மறு வருஷமே. உன் பேரைச் சொல்லித்தான் சுத்துனேன். நேர்ச்சை குறை நிக்கப்படாதுல்லா."

எதை எதிர்பார்த்திருந்தாலும் இதை எதிர்பார்க்கவில்லை. இந்த மனுஷியைத் திட்டுவதற்கு எத்தனையோ வாக்கியங்களை மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எனக்காக வெறுங்காலோடு இந்தக் கல்லில் நடந்தேன் என்கிறவரிடம் அதில் எதைச் சொல்வது?

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா எனக்கு அந்த வலி வரலை மக்கா. கடைசிச் சுத்து வரைக்கும் பாத்தேன். அதுக்குப் பொறவும் வருஷா வருஷம் சுத்துதேன். முட்டு வலிக்கும், அது வயசு. அம்பாள் வலி வரவே இல்லை. உனக்குக் குடுத்தா, எனக்குக் குடுக்க மாட்டேங்கா. அது எப்படி இருந்துச்சு, சொல்லேன்."

கேலி இல்லை, குத்தல் இல்லை. என் மேல் அவருக்குப் பொறாமை. என் வயிற்றை அறுத்து எடுத்துப் போட்ட அந்த வலி தனக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்கிக்கொண்டு இத்தனை ஆண்டுகளாக இந்த அம்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கூடையிலிருந்து அந்த எலுமிச்சைக் கொத்தை எடுத்தேன். கொப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு ஒரு காயை மெதுவாகத் திருகினேன். ஒரு முறுக்கு. இரண்டு.

"ஏட்டி, திருகாத" என்று என் கையைப் பிடித்துவிட்டார்.

"இப்படித்தான் இருந்துச்சு அத்தை. எனக்குள்ள ஒரு காய் காம்புல தொங்குச்சு. அது அன்னைக்கு இங்கன வச்சுத் திருகிக்கிட்டு. திருகிக்கிடும், வலி வந்தா ஓடி வந்துரணும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாங்க. உங்க மகனும் பக்கத்துல உக்காந்துதான் கேட்டாரு."

என் கையைப் பிடித்த கை அப்படியே இருந்தது. அவர் காயைப் பார்த்தார். காம்பின் பட்டை கிழிந்து நார் வெள்ளையாகத் தெரிந்தது. இதற்கு மேல் சொல்லிப் புரியவைக்கவேண்டிய ஆள் இல்லை அவர். இந்த ஊரில் அதைப் புரிந்துகொள்ள அவரைவிடத் தகுந்தவர் கிடையாது. அன்றைக்கு அந்த வீட்டில் யாராவது, நானாவது, காம்பு திருகிக்கிட்டு என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவரே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்.

"ரெஸ்ட் எடுக்கத்தானே சொன்னாங்கன்னான்" என்றார் மெதுவாக.

"ஆமா அத்தை. அப்படித்தான் சொன்னாரு."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் மகன் தூணோரம் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தொப்பை வைத்திருந்தார். அத்தை வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு கொத்திலிருந்து அந்த ஒரு காயை மட்டும் பிய்த்து என் மடியில் போட்டார். காம்பு கெட்ட காய் பூசைக்கு ஆகாது. கூடையை எடுத்துக்கொண்டு, தூணைப் பிடித்து எழுந்தார்.

"வாரேன் மக்கா. இன்னும் சுத்து பாக்கி கெடக்கு."

"இந்த வருஷம் யாருக்கு அத்தை?"

"அவனுக்குத்தான்" என்றார். "ஒரு ஆம்பளைப் பிள்ளை வேணும்லா."

கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். அடுத்த சுற்றில் என்னைக் கடக்கும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. மகன் உட்கார்ந்திருந்த பக்கமும் திரும்பவில்லை. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. பின்னால் வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.